விட்டுக்கொடுத்த பந்து

பந்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து அழுத்துகிறான். காதருகே கொண்டுபோய் மறுபடி அழுத்துகிறான். பிறகு தரையில் போட்டு, அது எழும்புகிற உயரத்தைக் குனிந்து பார்க்கிறான். எதிராளி புதுப் பந்து கொண்டுவந்தால் சோதனை இன்னும் நீளும். "புதுசுன்னா ஏன் உறை பிரிச்சிருக்கு?" என்று கேட்பான். ஸ்குவாஷ் கிளப்பில் அவனுக்குச் 'சந்தேகம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "சந்தேகம் வந்தாச்சா?" என்றுதான் விசாரிப்பார்கள். அவன் என் தம்பி.

லிஃப்ட் மெக்கானிக். அந்தத் தொழிலில் இந்தக் குணத்துக்கு நல்ல மரியாதை. கம்பிக்கயிற்றைத் தொட்டுத் தடவிப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டான். அவன் பார்த்த லிஃப்ட் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன். அவன் படியில் வருவான். "நான் பாத்தது சரிதான்க்கா. எனக்கப்புறம் எவன் கை வச்சானோ."

வீட்டிலும் அப்படித்தான். டீயைக் கொடுத்தால் சர்க்கரை போட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பான். குடித்தால் தெரிந்துவிடப் போகிறதே என்றால், "நீ சொல்றதும் நாக்கு சொல்றதும் ஒண்ணான்னு பாக்கறேன்" என்பான். அவன் மனைவி இதற்கெல்லாம் பழகிவிட்டாள். "பொண்ணு பாக்க வந்தன்னைக்கே, நிஜமாவே சம்மதமா, யாராச்சும் மிரட்டுனாங்களான்னு கேட்டவர்தானே அண்ணி" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

பிறக்கும்போதே இப்படி இல்லை. அம்மா அந்த கிளப்பைப் பெருக்கித் துடைக்கும் வேலையில் இருந்தாள். பள்ளிவிட்டு நாங்கள் நேரே அங்கே போவோம். ஆள் இல்லாத நேரத்தில் எங்களை ஆட விட்டார்கள். நாலு பக்கமும் சுவர் உள்ள அறை. முன்சுவரில் பட்டுத் திரும்பும் பந்து இரண்டாம் தடவை தரையில் குதிப்பதற்குள் அடுத்தவர் அடிக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஒரே மட்டை. நான் அடித்ததும் அவன் கையில் திணிப்பேன். அவன் அடித்துவிட்டு என்னிடம் நீட்டுவான். பந்தைவிட மட்டைதான் அதிகம் ஓடியது.

நான் அதோடு சரி. அவன் கையில் ஆட்டம் இருந்தது. அதைக் கவனித்த மேனேஜர், அவனுக்கென்று ஒரு பழைய மட்டை கொடுத்து, தானே அவனோடு ஆட ஆரம்பித்தார். தம்பி ஜெயித்துக்கொண்டே இருந்தான். அம்மாவிடம் தினமும் ஆடிக் காட்டுவான். ஒருநாள் மேலே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எட்டிவிடக்கூடிய பந்தொன்றை மேனேஜர் விட்டுவிட்டு, என் பக்கத்தில் நின்ற உறுப்பினர்களை அண்ணாந்து பார்த்துக் கண்ணடித்தார். அவர்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியில் தம்பியிடம் சொன்னேன்.

"அப்ப நேத்து ஜெயிச்சது?" என்றான்.

"தெரியலடா."

"அதுக்கு முந்தி?"

இப்போது அவனே அங்கே உறுப்பினர். போன மாதம் கிளப் அணியில் ஓர் இடம் காலியானது. தம்பியும் பல் டாக்டர் ஒருவரும் ஆடி, ஜெயிப்பவர் அணியில் சேரலாம் என்று முடிவானது. அந்த இடத்துக்காக அவன் எத்தனை காலம் காத்திருந்தான் என்பது எனக்குத் தெரியும். டாக்டர் இனிமையான மனிதர். அதுவே தம்பிக்கு ஆகவில்லை. "வலிக்காதுன்னு சொல்லிக்கிட்டேதான் பல்லப் பிடுங்குவாரு" என்றான்.

அந்த கிளப்பில் நடுவர் கிடையாது. தன் பந்து தப்பானால் அடித்தவரே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். கடைசி ஆட்டம், தம்பிக்கு ஒரு புள்ளி வந்தால் போதும். முன்சுவரடியில் விழுந்த பந்தை டாக்டர் ஓடிப்போய் எப்படியோ எடுத்துவிட்டார். தம்பியால் அதைத் தொட முடியவில்லை. ஆனால் டாக்டர் கையை உயர்த்தினார்.

"ரெண்டு தடவ குதிச்சிருச்சு தம்பி. பாயிண்ட் உங்களுது. ஜெயிச்சிட்டீங்க."

"குதிக்கல டாக்டர்."

"நான் எடுத்த பந்து எனக்குத் தெரியாதா?"

"நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

மேலே, நான் உட்கார்ந்திருந்த பார்வையாளர் வரிசையில் சிரிப்பு. "குடுத்தா வாங்கிக்கயேன்ய்யா" என்றார் ஒருவர். நான் சிரித்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எந்தக் கண்ணிலும் ஒன்றும் பிடிபடவில்லை. தம்பி என்னை அண்ணாந்து பார்த்தான். பந்து விழுந்த இடத்தை டாக்டரின் முதுகு எனக்கு மறைத்திருந்தது. கையை விரித்தேன்.

"அந்த பாயிண்ட் வேணாம். திரும்ப ஆடுவோம்" என்றான்.

கைக்கு வந்த இடத்தை இப்படித் தள்ளுகிறானே என்று எழுந்து நின்றுவிட்டேன். டாக்டரின் முகத்தில் சிரிப்பு இல்லை. பந்து போய் வந்து, போய் வந்து, முடிகிற வழியாகவே இல்லை. கடைசியில் தம்பி அடித்தது பின்மூலையில் போய்ச் செத்து விழுந்தது. டாக்டர் பாய்ந்த பாய்ச்சலில் அவர் மட்டை சுவரை உரசிக்கொண்டு போனது. முடியாமல் விட்டாரா, விட்டுக்கொடுத்தாரா? நான் இருந்த இடத்திலிருந்து அதைச் சொல்ல முடியாது.

டாக்டர் கையை நீட்டினார். தம்பி அதைப் பிடிக்கவில்லை. அவருக்குப் பின்னால் சுற்றிப் போய், சட்டையின் முதுகில் உள்ளங்கையை அழுத்தி எடுத்தான். கையை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். டாக்டரின் வியர்வை அவன் மணிக்கட்டில் வழிந்தது. பிறகு அந்த ஈரக் கையாலேயே அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.