கழுத்தில் தொங்கிய கையெழுத்து

மலேசியாவின் தங்காக்கில் எங்களுடையது திரைச்சீலை தைக்கும் கடை. துணிக்கடைகள் வரிசை கட்டி நிற்கும் ஊரில் ஒரு மூலைக்கடை. முன்பெல்லாம் அரசாங்கக் கிளினிக்கில் திரைச்சீலை மாற்றினால் ஜொகூர் பாருவிலிருந்து பெரிய கம்பெனியின் லாரி வரும். நாங்கள் வேடிக்கை பார்ப்போம். பிறகு அரசாங்கம் வாங்குவதெல்லாம் இணையம் வழியாக என்று ஆனது. சின்ன வேலைகளுக்கு அந்தந்த மாவட்டத்துச் சிறு வியாபாரிகளிடம்தான் விலை கேட்க வேண்டும் என்று விதியும் வந்தது. என் கணவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கணினியைக் கண்டாலே கொட்டாவி விடுகிறவர், தானே உட்கார்ந்து கடையைப் பதிவு செய்தார். கையெழுத்துக்குப் பதிலாகப் பென்டிரைவ் போல ஒன்றைக் கொடுத்தார்கள். அதைக் கணினியில் செருகினால்தான் விலை போட முடியும், ஆர்டரை ஏற்க முடியும். தொலைந்துவிடும் என்று பயந்து சிவப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "எனக்குக்கூட நீங்க இப்படி ஒரு தாலி கட்டலயே" என்று சீண்டுவேன். குளிக்கும்போது மட்டும் கழற்றுவார்.

ஒருநாள் கிளினிக் சீலை ஆர்டர் எங்களுக்கு விழுந்தது. ஏற்பதாகச் செருகி அழுத்த வேண்டியதுதான் பாக்கி. பொறுமையில்லாத மனிதர், அதற்குமுன்பே துணியை வாங்கி ஜன்னல் அளவுக்கு வெட்டிவிட்டார். அன்று மாலையே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

எங்கள் வீட்டு வழக்கம், சவப்பெட்டியை மூடி எரியூட்டக் கொண்டுபோவதற்குமுன் போனவருக்குப் பிடித்ததை உள்ளே வைப்பது. எங்களோடு இருக்கும் அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், மூக்குக்கண்ணாடியை வைத்தார், வெற்றிலைப் பெட்டியை வைத்தார். ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்திருந்த சிவப்புக் கயிற்றையும் எடுத்து அவர் கழுத்தில் போட்டுவிட்டார். நான் எதையும் பார்க்கும் நிலையில் இல்லை.

காரியம் முடிந்து ஆர்டரை ஏற்கலாம் என்று தேடியபோதுதான் தெரிந்தது. "அவன் கழுத்த விட்டு எறங்காத சாமானாச்சேம்மா. அவனோடயே போகட்டும்னு போட்டேன்" என்றார் அண்ணி. வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். இருந்த ஒரே பிழைப்பையும் சேர்த்து எரித்துவிட்டீர்கள் என்றேன்.  அதன்பிறகு ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கிளினிக் அலுவலகத்தில் வாங்குகிற வேலைகளைப் பார்ப்பது ஒரு தமிழ்ப் பெண். நடந்ததைச் சொன்னேன்.

"அது இருந்திருந்தாலும் முடியாதுக்கா. அவரு பேருக்கு உள்ளது அது. நீங்க செருகுனா தப்பு லா. கடையும் அவரு பேருலதான இருக்கு?"

ஆர்டர் இதே ஊரில் இன்னொரு சின்னக் கடைக்குப் போனது. யாரைத் திட்டுவது? விதி சொன்னபடி உள்ளூர்ச் சிறு வியாபாரிக்குத்தான் போயிருக்கிறது. வெட்டிய துணி சுருட்டியபடி மேசைக்கடியில் கிடந்தது.

அந்தப் பெண்ணே வழியும் சொன்னாள். அதே முகவரியில் என் பெயரில் கடையைப் பதிய வேண்டும், அதற்குமுன் அவருடைய பதிவை மூட வேண்டும். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன், "நீங்க போட்டதால ஒண்ணும் கெட்டுப் போகல அண்ணி." அவர் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுதார். நானும் அழுதேன்.

மறுநாள் இருவரும் சேர்ந்து பதிவு அலுவலகத்துக்குப் போனோம். முகப்பில் இருந்தவர் கடைப் பெயரைத் தட்டித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கணவர் பெயருக்கு எதிரே 'செயலில் உள்ளது' என்று பச்சையில் எரிந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் அங்கே மட்டும் அவர் இறக்கவில்லை. மூடிவிடலாமா என்று முகப்பில் இருந்தவர் கேட்டார்.

அண்ணி என் கையை இறுகப் பிடித்தார். "கொஞ்சம் இருங்க தம்பி" என்றார் அவரிடம். "அவ ஒரு தடவ பாத்துக்கட்டும்."