விரல் தெரிகிற வேகம்

எங்கள் தையல் ஆலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் கேட்காது. சட்டைக்குப் பட்டன் வைக்கும் மெஷினில் உட்கார்ந்திருப்பவள் என்பதால் எல்லோருக்கும் அவள் 'பட்டன்'. காலர் மடிக்கும் என் மேசை அவளுக்குப் பக்கத்தில் இருந்தது. அதனால் அவளுக்காக ஃபோன் பேசுவது என் வேலை என்று ஆகிவிட்டது.

பட்டனும் அவளுடைய அக்காவும் பிறவியிலேயே காது கேளாதவர்கள். அவர்கள் சிறுமிகளாக இருந்தபோது அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லை. காது கேட்கும் அம்மாவும் கேளாத இரண்டு பெண்களும் தட்டு கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் தாங்களாகவே ஒரு கைப்பாஷையை உண்டாக்கிக்கொண்டார்கள். பின்னலை இழுப்பதுபோலக் காட்டினால் அக்கா. மூக்கைச் சுருக்கினால் கீழ்வீட்டுக்காரர். அந்தப் பாஷை தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர். என்னையும் சேர்த்தால் மூன்றேகால் என்று பட்டன் கிண்டல் செய்வாள்.

அக்கா கல்யாணமாகி வெளிநாடு போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அவளுடைய கணவர் அங்கே வெல்டர். காது கேட்பவர். இருவரும் அந்த நாட்டுச் சைகையைக் கற்றுக்கொண்டு அதிலேயே குடும்பம் நடத்தினார்கள். பிறகு அவள் தலைக்குள் ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுத்தும் மறுபடி வளர்ந்தது. அது வளர வளர, பின்னால் கற்றுக்கொண்ட சைகைகள் ஒவ்வொன்றாக அவள் கையை விட்டுப் போயின. வலது கையும் விழுந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஓர் இடது கையும் சின்ன வயதுப் பாஷையும்தான். அந்தப் பாஷை கணவருக்குத் தெரியாது.

அவர் பட்டனுக்கு எழுதினார். "உங்க அக்கா ஏதோ ஒண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்றா. எனக்குப் புரியல. வலின்னு நெனச்சு ஊசி போடச் சொல்றேன். இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். நீங்க ஒருதடவை வந்துட்டுப் போனா நல்லாருக்கும்."

கூடவே ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தார். அவருடைய ஃபோனில் இணையம் வீட்டு வைஃபையில் மட்டும்தான் வரும். அதனால் ஆஸ்பத்திரியில் எடுத்து, வீட்டுக்குப் போய் அனுப்பியது. ஒரே இருட்டு. போர்வைக்கு மேல் ஏதோ அசைவது மட்டும் தெரிந்தது. பட்டனும் அம்மாவும் அதைப் போட்டுப் போட்டுப் பார்த்துச் சலித்தார்கள்.

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரைக்கும்தான் போக முடியும். "நீ போ," என்றார் கையால். "நான் ஃபோன்ல வர்றேன். அவ கை எனக்குத் தெளிவாத் தெரியணும். அது போதும்."

பட்டன் சிம் கார்டு தேடத் தொடங்கியது அப்படித்தான். சாப்பாட்டு இடைவேளையெல்லாம் அதிலேயே போயிற்று. கடைக்காரர் அட்டைகளைப் பரப்பி உற்சாகமாகச் சொன்னார். "இதுல நூறு நிமிஷம் ஃப்ரீயாப் பேசலாம். அதுல இன்கமிங் மொத்தமும் ஃப்ரீ."

பட்டன் தன் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது. "மன்னிச்சுக்கோங்கம்மா. அப்போ டேட்டா பாக்கலாம். இது அன்லிமிடெட்."

அன்லிமிடெட் என்ற சொல்லை நம்பாதே என்று அவள் எனக்குச் சைகை காட்டினாள். கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு நான் ஃபோன் போட்டேன். பாட்டு ஓய்ந்து ஒரு பெண் வந்தாள்.

"அன்லிமிடெட்தான் மேடம். ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு இருக்கு. அது தாண்டினா ஸ்பீடு குறையும், அவ்வளவுதான்."

"குறைஞ்சா வீடியோ கால் வருமா?"

"மெசேஜ் போகும் மேடம்."

"வீடியோ?"

"மெசேஜ் தாராளமாப் போகும் மேடம்."

இதைச் சொன்னதும் பட்டன் அன்று மாலையே சோதித்துப் பார்த்தாள். வேண்டுமென்றே அன்றைய டேட்டாவைத் தீர்த்துவிட்டு, அடுத்த அறையிலிருந்து அம்மாவுக்கு வீடியோ போட்டாள். முகம் தெரிந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கையுறை போட்ட கைபோல ஆகிவிட்டன. காது கேட்பவர்களுக்குப் படம் மங்கினாலும் குரல் வந்துவிடும். அவர்களுக்கு விரல்தான் குரல்.

அவள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. இங்குள்ள எண்ணிலேயே ரோமிங் போட்டுக்கொள்ளலாம். அலைச்சல் இல்லை. ஆனால் விலை கண்ணைக் கட்டும், டேட்டா தினசரி அளவோடு நின்றுவிடும். அந்த நாட்டு சிம் மூன்றிலும் மலிவு, டேட்டாவும் அதிகம். ஆனால் அங்கே இறங்கிக் கடை தேடி, பாஸ்போர்ட்டைக் காட்டி, பதிவு முடியும்வரை காத்திருக்க வேண்டும். பாஷை தெரியாத ஊரில், காது கேளாமல், தனியாக. மூன்றாவது, இங்கேயே வாங்கிப் போகும் பயண சிம். பேச முடியாது, வெறும் டேட்டா. மொத்தமாக ஓர் அளவு கொடுப்பார்கள். அது தீரும்வரை வேகம் குறையாது. இறங்கியதும் வேலை செய்யும்.

அவள் மூன்றாவதை எடுத்தாள். ஒருமணி நேர வீடியோவுக்கு எவ்வளவு போகிறது என்று முன்னாலேயே பார்த்து வைத்திருந்ததால் எத்தனை நாள் தாங்கும் என்பதும் தெரிந்திருந்தது. பொடி எழுத்து நிபந்தனைகளை நான் வாசித்துச் சொன்னேன். "கல்யாணப் பேச்சுக்குக்கூட நாம இவ்வளவு விசாரிச்சதில்ல," என்று சொன்னபோது தோளில் ஓர் அடி விழுந்தது.

அவள் கிளம்பிப் போனபின் வேலை முடிந்ததும் நான் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே மதியம் என்றால் இங்கே மாலை. பேசுவதற்கு அம்மாவுக்கு இரண்டு கையும் வேண்டும். ஃபோனைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டாமா?

முதல் அழைப்பில் பட்டனின் முகம் வந்தது. பிறகு கட்டில். மொட்டையடித்த தலையோடு அக்கா. அம்மா பின்னலை இழுப்பதுபோல் காட்டி அவளைக் கூப்பிட்டார். அக்காவின் கண்கள் ஃபோனைத் தேடி வந்தன. இடது கை போர்வையிலிருந்து மெல்ல எழுந்தது. பாதியில் நின்றது.

"நிக்குதே," என்றார் அம்மா. "ஏன் நிக்குது? அவளுக்கு என்னமோ ஆயிடுச்சா?"

"இல்லம்மா. ஃபோன்தான் நின்னுடுச்சு."

"நெசமாவா? என்கிட்ட மறைக்காத."

படம் சதுரம் சதுரமாக உடைந்து அணைந்தது. கொஞ்ச நேரத்தில் பட்டனிடமிருந்து செய்தி வந்தது. வார்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான். ஆஸ்பத்திரி வைஃபையில் வீடியோவுக்கு அனுமதியில்லை. மறுபடி சேவை மையத்தைப் பிடித்தேன்.

"எங்க பிளான்ல குறை ஒண்ணும் இல்ல மேடம். அந்த நாட்டுல எந்த டவர் கெடைக்குதோ அதுலதான் ஓடும். கட்டடத்துக்கு உள்ள எடுக்கும்னு நாங்க எங்கயும் சொல்லலையே?"

சொல்லவில்லைதான். நாங்களும் கேட்கவில்லை.

மறுநாள் நடந்ததைப் பின்னால் பட்டன் சொல்லித் தெரிந்துகொண்டேன். அங்கே பேசியதையெல்லாம் அத்தான், அதாவது அக்காவின் கணவர், அவளுக்கு எழுதிக் காட்டியிருந்தார். மதியத் தூக்கத்துக்காக வார்டின் ஜன்னல் திரையை இழுத்து இருட்டாக்கும்போதுதான் அக்காவின் அந்தச் சைகை தொடங்குகிறது என்பதை அவள் கவனித்திருந்தாள். அவளுக்கும் அது புரியவில்லை. அந்த இருட்டில் எடுத்தால் பழைய வீடியோ போலத்தான் வரும் என்பதால், அக்காவின் தளர்ந்த கை செய்ததை வெளிச்சத்தில் தானே செய்துகாட்டி அம்மாவுக்குப் பதிவு அனுப்பினாள். அம்மா இல்லையென்று தலையை ஆட்டினார். "இவ தனக்குத் தெரிஞ்ச மாதிரி செய்யறா. நான் அவ கையைப் பாக்கணும்."

பட்டன் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வார்டு முழுக்க நடந்தாள். ஜன்னலோரக் கட்டிலுக்குப் பக்கத்தில் கோடுகள் ஏறின. அதில் காலில் மாவுக்கட்டோடு ஒரு பெண் படுத்திருந்தார். அத்தான் நர்ஸிடம் கேட்டார். கட்டில் எண்படிதான் மருந்து வரும், மாற்ற முடியாது என்றார் நர்ஸ். அத்தான் குரல் உடைந்து விஷயத்தைச் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்த மாவுக்கட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

"எனக்கு இந்த ஜன்னல்ல தெரியறது கார் நிறுத்தற இடம்தான். அதைப் பாத்துப் பாத்து எனக்கே வெறுத்துப்போச்சு. தள்ளுங்க கட்டிலை."

சக்கரத்தின் பூட்டை நர்ஸே காலால் தட்டிவிட்டார்.

அன்று மாலை படம் பளிச்சென்று வந்தது. போர்வையின் நூல்கூடத் தெரிந்தது. அங்கே திரையை இழுத்தார்கள். துணி வழியாக வந்த வெளிச்சத்தில் இடது கை எழுந்தது. இரண்டு விரல் கழுத்தெலும்பைத் தட்டின. கை மெதுவாகத் திறக்கப் பார்த்து, முடியாமல், மறுபடி தட்டியது.

அம்மா வாய்விட்டுக் கத்திவிட்டார். "ஐயோ என் தங்கமே! வெளிச்சம் கேக்கறா. வெளக்கை அணைக்காதேங்கறா!"

அம்மா கண்ணைத் துடைக்காமலே பேசினார். "சின்னவ பொறக்கறதுக்கு முந்தி இது. வெளக்கை அணைச்சா நான் பேசறது இவளுக்குத் தெரியாதில்ல? நமக்கு இருட்டுன்னா வெறும் இருட்டு. இவளுக்கு யாரோ வாயையும் காதையும் சேத்துப் பொத்தின மாதிரி. தங்கச்சி பக்கத்துல படுத்ததுக்கப்புறம் கேக்கறதையே விட்டுட்டா."

பட்டனுக்கு அதைக் கையால் சொன்னார். பட்டன் திரையை விலக்கினாள். அக்கா நெடுநேரம் அம்மாவைப் பார்த்தாள். அவள் கை அடங்கி மார்பின்மேல் கிடந்தது. அன்று ஊசி தேவைப்படவில்லை.

அதன்பிறகு கட்டிலுக்கு மேலே எப்போதும் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. தினமும் அம்மாவும் மகளும் பேசினார்கள். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கீழ்வீட்டுக்காரரைப் பற்றி அம்மா ஏதோ சொல்ல, அக்கா மூக்கைச் சுருக்கியதை நான் பார்த்தேன். சில நாள் கையே எழவில்லை. அப்போது அம்மா மட்டும் பேசிக்கொண்டிருப்பார்.

அவள் ஒரு காலையில், நல்ல வெயிலில், போனாள். பட்டன் செய்தி எதுவும் எழுதவில்லை. வீடியோ போட்டுத் தன் முகத்தை மட்டும் காட்டினாள். அம்மா ஃபோனை என் கையிலிருந்து வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார்.

பட்டன் திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். சில நாள் யாரோடும் பேசவில்லை. பேசாமல் இருப்பதென்றால் அவள் கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்வாள்.

இப்போது வாரம் ஒருமுறை அம்மாவுக்கு ஓர் அழைப்பு வருகிறது. அத்தான்தான். மனைவி கடைசியில் பேசிய பாஷையைக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். வெல்டிங் பிடித்துத் தடித்துப்போன விரல்கள், ஒன்றும் வளைவதில்லை.

"அது அக்கா இல்ல மாப்பிள்ளை, கயிறு இழுக்கற மாதிரி இருக்கு," என்கிறார் அம்மா. "பின்னலை மெதுவாப் பிடிங்க."

அவர் மறுபடி பிடிக்கிறார்.