உச்சி அக்கா வாங்கிய ஏழு சீட்டு வண்டி

துறைமுகத்தில் எல்லோரும் அவளை உச்சி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதின்மூன்று மாடி உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட கிரேன் அறைக்குள் உட்கார்ந்து, கப்பலில் இருக்கும் இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரிகளின் முதுகில் வைப்பது அவள் வேலை. ஒரு பெட்டி முப்பது டன் வரும். லாரியின் நான்கு மூலையிலும் இருக்கும் பூட்டுகளில் அது ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். பதினோரு வருடமாக அவள் வைக்கிற பெட்டிகள் அப்படித்தான் உட்கார்ந்தன.

வேலை அவளுக்குப் பிடிக்கும். தனிமை மட்டும் பிடிக்காது. எட்டு மணி நேரத்துக்கு வாக்கிடாக்கியில் வரும் ஒரு குரலை விட்டால் பேச்சுத்துணை கிடையாது. அதனால் லீவு நாளில் வீட்டோடு எங்கேயாவது கிளம்பத் துடிப்பாள். ஆனால் வீட்டில் ஆறு பேர். அவள், மருந்துக்கடை வைத்திருக்கும் கணவர், இரண்டு பெண்கள், ரிட்டையர்டு பஸ் கண்டக்டரான மாமனார், பாலர் பள்ளியில் டீச்சராக இருக்கும் நாத்தனார். அவர்களிடம் இருந்த பழைய கார், நாலு பேர் ஏறினாலே பெருமூச்சு விடும். மாமனார் பஸ்ஸில் வருவார். நாத்தனார் ஸ்கூட்டரில் வருவாள். பாதிப்பேர் சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் மீதிப்பேர் வந்து சேர்வார்கள்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உச்சி சொன்னாள்: "ஏழு சீட்டு வண்டி ஒண்ணு வாங்கப்போறேன். பெருசா, நல்லதா."

"நல்லதான்னா?" என்றார் கணவர்.

"தோல் சீட்டு. கூரையில கண்ணாடி. உக்காந்தா முதுகு பிடிச்சு விடும்."

"அதுக்கு நான் இல்லையா?"

"நீங்க ரெண்டு நிமிஷத்துல தூங்கிடுறீங்க."

மாமனாருக்குப் புரை ஏறிவிட்டது.

ஷோரூமில் வழவழப்பான தரையும் ஏசி குளிரும் ரூம் ஸ்பிரே வாசமுமாக இருந்தது. விற்பனையாளர் எஞ்சின் விவரம் முழுவதையும் கணவரைப் பார்த்தே ஒப்பித்தார். கணவருக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. மருந்துச் சீட்டு கேட்பது போல முகத்தை வைத்துக்கொண்டு தலையாட்டினார். கடைசியில் விற்பனையாளர் உச்சியின் பக்கம் திரும்பி, "மேடத்துக்குக் கலர் பிடிச்சிருக்கா?" என்றார்.

"கலர் இருக்கட்டும். முழுசா திரும்ப எவ்வளவு இடம் வேணும்? முன்தூண் இவ்வளவு தடிமனா இருக்கே, வளைவுல ஆள் மறைஞ்சுடுவாங்களே?"

விற்பனையாளர் தடுமாறிப்போய் கணவரிடம் மெதுவாக, "மேடம் என்ன வேலை பாக்குறாங்க?" என்று கேட்டார்.

"துறைமுகத்துல பெட்டி தூக்குறாங்க."

அவர் உச்சியின் தோள்களை ஒரு பார்வை பார்த்தார். "கஷ்டமான வேலைதான்."

"ஆமா, கொஞ்சம் கனமான பெட்டி," என்றார் கணவர்.

டெஸ்ட் டிரைவ் முடிந்து திரும்பியபோது, இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருந்த சந்தில் உச்சி பின்பக்கமாக ஒரே மூச்சில் வண்டியைச் சொருகினாள். பக்கத்தில் இருந்த விற்பனையாளர் கைப்பிடியை விட்டது எஞ்சின் நின்ற பிறகுதான். அதற்குமேல் எதைச் சொன்னாலும் அவளைப் பார்த்தே சொன்னார்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. கேட்டைப் பார்த்தால் வண்டி பெரிது, வண்டியைப் பார்த்தால் கேட் சிறிது.

"தூணை இடிச்சிடலாம்மா. நாளைக்கே கொத்தனாரைக் கூட்டிட்டு வர்றேன்," என்றார் மாமனார்.

"வேணாம் மாமா. போன வாரமே டேப் வச்சுப் பாத்துட்டேன். கண்ணாடியை மடக்கினா ரெண்டு பக்கமும் நாலு விரல் மிஞ்சும்."

கண்ணாடிகள் காது போல மடங்கின. வண்டி மெல்ல நகர்ந்து, தூண்களைத் தொடாமல் உள்ளே வந்து நின்றது. எதிர்வீட்டுக்காரர் கை தட்டினார். மாமனார் பொய்க்கோபத்தோடு, "நாலு விரல்னியே, என் கணக்குல மூணுதான் இருந்துச்சு," என்றார்.

இதெல்லாம் நடந்து பத்து நாள்கூட ஆகவில்லை, உச்சி வண்டியில் கீறல் விழ வைத்தாள். அதுவும் சூப்பர் மார்க்கெட்டின் பார்க்கிங்கில், இடுப்பளவு சிமென்ட் குட்டைத்தூண் ஒன்றில். பின்கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு. இறங்கி வந்து குனிந்து, அதை விரலால் தடவிப் பார்த்தாள். நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள். "தூணை அங்க கொண்டுபோய் வச்சவனைச் சொல்லணும் அண்ணி."

"தூண் மேல என்ன தப்பு? அது இருந்த இடத்துலதான் இருக்கு."

உச்சி அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கணவரிடம் சொன்னாள்: "அங்க மேல இருந்து பாக்கறேன். எல்லாம் காலுக்குக் கீழ தெரியும். இதுல பக்கத்துல இருக்கறதுதான் தெரியமாட்டேங்குது. பழகணுங்க. ஞாயித்துக்கிழமை உங்க கடையில இருக்கற காலி அட்டைப்பெட்டியெல்லாம் வேணும். நீங்களும் வேணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதற்கடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும், ஆளில்லாத மார்க்கெட் மைதானத்தில் இருமல் மருந்து அட்டைப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி, அவற்றுக்கு நடுவே அவள் வண்டியைப் பின்னால் எடுத்துப் பழகினாள். கணவர் வெளியே நின்று வழி சொன்னார். அதற்குள் வண்டியோடு வந்த நானூறு பக்கப் புத்தகத்தை, மருந்தின் பக்கவிளைவுகளைப் படிப்பது போல ஒரு வரி விடாமல் படித்து முடித்திருந்தார். முதல் நாள், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லியே மூன்று பெட்டிகளை நசுக்க வைத்தார்.

"கொஞ்சம்னா எனக்கு என்ன தெரியும்? அடிக்கணக்குல சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க."

"தெரியலைன்னு சொல்லலாமா?"

"அதைத்தான் முதல்ல சொல்லணும்."

அதற்குப் பிறகு அவர் சொன்னது எல்லாம் சரியாக இருந்தது. கடையில் மாத்திரை எண்ணுகிற மனுஷன் அல்லவா.

ஐந்தாவது வாரம் ஆறு பேரும் மலைக்குக் கிளம்பினார்கள். மூன்றாம் வரிசையில் யார் உட்காருவது என்று வாசலிலேயே பஞ்சாயத்து நடந்து, கடைசியில் நாத்தனாரும் சின்னப்பெண்ணும் பின்னால் போனார்கள். மாமனார் முதுகு பிடித்துவிடும் சீட்டில் சாய்ந்துகொண்டு, ஒவ்வொரு ஊரின் எல்லையிலும் "இறங்குறவங்க எல்லாம் இறங்கலாம்" என்று குரல் கொடுத்தார். கூரைக் கண்ணாடி வழியே மரக்கிளைகள் ஓடின. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உச்சி சிரித்த முகமாக ஓட்டினாள்.

பாதி மலை ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவைத் தாண்டியபோது, எதிரே ஒரு மரம் மண்ணோடு சரிந்து பாதை முழுக்கக் கிடந்தது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். நடுவில் ஒரு வண்டி போகும் அகலம்தான். திரும்பவே முடியாது. மேலே இன்னும் சின்னச்சின்னக் கற்கள் உருண்டுகொண்டிருந்தன. திரும்புவதற்கு அகலமான இடம் அரை கிலோமீட்டர் கீழே, அவர்கள் தாண்டி வந்த கொண்டைவளைவில்தான் இருந்தது.

பின்னால் ஒரு சின்னக் கார் வந்து நின்றது. அதில் ஓர் இளம் தம்பதி. உச்சி இறங்கிப் போய்ப் பார்த்தபோது ஓட்டியவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அக்கா, எனக்கு ரிவர்ஸ் சரியா வராது. லைசென்ஸ் வாங்கி ஆறு மாசந்தான் ஆகுது."

"பரவாயில்ல தம்பி. சாவியைக் குடுங்க. முதல்ல உங்க வண்டி போகட்டும்."

அதற்குள் எல்லோரும் இறங்கி ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "லெஃப்ட்ல ஒடி" என்றாள் நாத்தனார். "நேரா வரட்டும்" என்றாள் பெரியவள். மாமனார் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலே அடித்துவிட்டார். "நான் பாத்துக்கறேம்மா. முப்பது வருஷம் பஸ்ஸுக்கு ரிவர்ஸ் சொன்னவன் நான்."

"மாமா," என்றாள் உச்சி. குரலை உயர்த்தவில்லை. "கிரேன்ல ஏறிட்டா ஒரே ஒரு ஆள் பேச்சைத்தான் கேப்பேன். இங்கயும் அப்படித்தான். இன்னைக்கு உங்க பையன் சொல்லட்டும்."

"அவனா? அவனுக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாதே!"

"அவர் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுவார் மாமா. எனக்கு அது போதும். கீழ இருந்து ஒரு வண்டியும் ஏறி வரக்கூடாது. இவங்களையும் கூட்டிட்டுப் போய் அந்த வளைவுல நின்னு நிறுத்துங்க. உங்க விசிலுக்குத்தான் நிப்பாங்க."

மாமனாரின் முகம் சுருங்கியது. பிறகு சட்டைக்காலரை இழுத்து விட்டுக்கொண்டு, "எல்லாரும் என் பின்னால வாங்க, ஓரமா வாங்க" என்று கீழே இறங்கினார். சற்று நேரத்தில் அங்கிருந்து விசில் கேட்டது. ஒரு வேன் நின்றது.

சின்னக் காரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, உச்சியும் கணவரும் மழையில் நனைந்தபடி மேலே நடந்து வந்தார்கள். இப்போது பெரிய வண்டி. பின்கேமராவைச் சேறு மூடியிருந்தது. சுற்றிலும் செடி உரசியதில் எச்சரிக்கை மணி விடாமல் கத்தியது. உச்சி அதை அணைத்தாள். ஜன்னலை முழுக்க இறக்கினாள். கணவர் பள்ளத்தின் பக்கம் டயருக்குப் பின்னால் நின்றார்.

"ரெண்டு அடி இருக்கு. வா."

வண்டி நகர்ந்தது.

"ஒன்றரை அடி. நேரா வா. நில்லு!"

நின்றது.

"என்னங்க?"

"புல்லு மூடியிருக்கு. கீழ மண்ணு இருக்கா இல்லையான்னு தெரியல."

"பாருங்க. அவசரம் இல்ல."

அவர் வண்டிக்குள் கிடந்த குடையை எடுத்து, குனிந்து அதன் கம்பியால் குத்திப் பார்த்தார். கம்பி பாதி வரை உள்ளே இறங்கியது. "மண்ணு இளகிக் கிடக்கு. பாறைப் பக்கம் ஒரு அடி தள்ளிக்கோ. கண்ணாடியை மடக்கு."

மடக்கினாள். பாறையை ஒட்டி வண்டி ஊர்ந்தது. அப்புறம் "வா", "நேரா", "வா" மட்டுந்தான். அரை கிலோமீட்டருக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. கொண்டைவளைவில் வண்டியைத் திருப்பி நிறுத்தியபோது சின்னக் காரின் பெண் ஓடிவந்து உச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வண்டிகளையும் ஒரு லாரியையும் நிறுத்தி வைத்திருந்த மாமனார், மகனைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "பரவாயில்லடா, நல்லாவே சொல்லியிருக்கே," என்றார். பிறகு அந்த லாரி டிரைவரிடம் போய், "ஓட்டினது என் மருமக" என்று கேட்காமலேயே சொன்னார்.

அடிவாரத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தித் துண்டால் துடைத்துக்கொண்டார்கள். தோல் சீட்டெல்லாம் சேறும் தண்ணியுமாகக் கிடந்தது. புத்தகத்தில் அதற்கு என்ன போட்டிருக்கிறது என்று கணவர் தேடப்போனார். உச்சி அதை மெல்ல வாங்கி மூடி வைத்தாள். ஆறு பேரும் பொதிந்து கொண்டுவந்த ரொட்டியைத் தின்றார்கள். யாருக்கும் பேச்சு நிற்கவில்லை.

"வீட்டுக்குத்தானே போறோம்?" என்றார் கணவர்.

"ஏன்? உங்களுக்குக் களைப்பா இருக்கா?"

"எனக்கு இல்ல. உனக்கு?"

"இல்லவே இல்ல."

பெரியவள் ஃபோனில் தேடிப் பார்த்து, நாற்பது கிலோமீட்டரில் ஓர் ஏரி இருப்பதாகவும் வழியெல்லாம் சமதரை என்றும் சொன்னாள். மூன்றாம் வரிசைப் பஞ்சாயத்து மறுபடி தொடங்குவதற்குள் கணவர் தானே அங்கே போய்க் காலை மடக்கி உட்கார்ந்தார். மழை விட்டிருந்தது. உச்சி சீட்டைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு, வண்டியை ஏரி இருந்த பக்கம் திருப்பினாள்.