சித்தி உயர்த்திய கூரை

என் மேசையின் மேல் ஒரு துண்டு இரும்புக் குழாய் கிடக்கிறது. ஒரு சாண் நீளம்கூட இருக்காது. அறுக்கும்போது ரம்பம் வழுக்கிக் கீறிய தடம் ஒரு முனையில் இன்னமும் தெரிகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். "எங்கள் வீட்டுக் கூரையை உயர்த்தியபோது மிச்சமான துண்டு" என்பேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைப்பார்கள். வைக்கட்டும்! நான் சொல்வது சத்தியம். உயர்த்தியவள் என் சித்தி, அம்மாவின் தங்கை.

அந்தக் கூரையைத் தாழ்த்தியது யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அப்பாதான். சங்ககிரியில் எங்கள் வீதிக்கு ஒவ்வொரு முறை புது ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுவிட்டுப் போவார்கள். ரோடு ஏற ஏற வீடு பள்ளத்தில் இறங்கியது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுக்க எங்கள் விருந்தாளி. அப்பா லாரி டிரைவர். தரையைக் கொஞ்சம் மேடாக்கலாம் என்று கூட்டாளியிடம் மண் கேட்டார். லாரிக்காரர்களுக்குக் கொஞ்சம் என்கிற அளவெல்லாம் ஏது? வாசலில் ஒரு முழு லோடு வந்து கொட்டியது. "வந்த லோடைத் திருப்பி அனுப்பறதா?" என்று அத்தனையையும் வீட்டுக்குள் நிரப்பி, மேலே சிமெண்டு பூசிவிட்டார். தண்ணீர் வருவது நின்றது. ஆனால் அன்றிலிருந்து வாசற்படியில் எல்லோரும் தலை குனிந்துதான் நுழைந்தோம்.

எங்களுக்கு அது பழகிவிட்டது. சித்திக்குத்தான் வினை. தாத்தாவும் பாட்டியும் போன பிறகு எங்களோடு வந்து இருந்தவள் அவள். தினமும் பஸ் ஏறி, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்குச் சேலை எடுத்துப் போடும் வேலைக்குப் போய்வருவாள். நல்ல உயரம். பஸ்ஸில் மற்ற பெண்கள் எக்கி எக்கிப் பிடிக்கிற மேல்கம்பியை அவள் சும்மா பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கும். அதே சித்தி எங்கள் நடுவீட்டில் வந்து நின்றால் அறையே சுருங்கிப்போகும். ஒருநாள் தலை வாருவதற்குக் கையைத் தூக்கினாள், ஓடிக்கொண்டிருந்த ஃபேன் சீப்பைப் பிடுங்கி எறிந்தது. அது போய் அப்பாவின் சாப்பாட்டுத் தட்டில் விழுந்தது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். சித்தியும் சிரித்தாள்.

பெண் பார்க்க வந்தவர்கள் பேசியதற்குத்தான் அவளால் சிரிக்க முடியவில்லை. "பொண்ணு ஊட்டையே அடைச்சுட்டு நிக்குதுங்க" என்று ஒரு பெரியம்மாள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னது உள்ளே எல்லோர் காதிலும் விழுந்தது. அடுத்த முறை அம்மா, "காப்பி கொண்டு வரையில கொஞ்சம் குனிஞ்சுக்க சாமி" என்றாள். சித்தி குனிந்தாள். அந்த இடமும் அமையவில்லை. குனிவு மட்டும் அவளோடு தங்கிவிட்டது. முதலில் வீட்டுக்குள் குனிந்தாள், பிறகு தெருவில், பிறகு பஸ்ஸில்கூடத் தோளைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. யாரைக் கோபித்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

திருச்செங்கோட்டிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சேதி வந்தது. லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறவர். அன்று சித்தி நடுவீட்டில் ஜமக்காளத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு சுவரையே பார்த்தாள். எங்கள் சுவருக்கு அப்பாவின் கூட்டாளியான லாரி பெயிண்டர் ஒருவர் அன்போடு வண்ணம் அடித்துக் கொடுத்திருந்தார். கீழே கரும்பச்சை, மேலே வெள்ளை, நடுவில் நாலாபுறமும் ஓடுகிற அகலமான சிவப்புப் பட்டை. லாரி மாதிரியேதான்! திடீரென்று சித்தி எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏங்கண்ணு, கட்டையா இருக்கறவங்களுக்குப் பெரிய பார்டர் போட்ட சேலையக் குடுத்தா எப்படி இருக்கும்?"

"இன்னும் கட்டையாத் தெரிவாங்க."

"இந்த ஊட்டுக்கும் அப்படித்தான் செகப்பு பார்டர் கட்டி உட்டுருக்காங்க. அவுத்துப்புட்டு வேற கட்டலாம். நான் குனியறதுக்குப் பதிலாக் கூரையே மேல போகட்டும்!"

அடடா, அந்த வாரம்! என் வாழ்க்கையில் அப்படி ஒரு கொண்டாட்டம் அதற்கு முன்னால் இருந்ததில்லை. சிவப்புப் பட்டை போயிற்று. சுவரும் கூரையும் எங்கே சேர்கின்றன என்று தெரியாதபடி எல்லாவற்றுக்கும் ஒரே சந்தன வெள்ளை. கடையில் கழிவாகக் கிடந்த, நெட்டுக்குக் கோடு ஓடுகிற துணியை வாங்கி வந்து திரை தைத்தாள். ஜன்னலுக்கு மேலே அடிக்க வேண்டிய கம்பியைக் கூரையை ஒட்டி அடித்து, அங்கிருந்து தரைவரைக்கும் தொங்கவிட்டாள். துளியூண்டு ஜன்னலுக்கு எதற்கு இத்தனை துணி என்று அம்மா கத்தினாள். மாட்டிய பிறகு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பீரோவும் கட்டிலும் பின்கட்டுக்குப் போயின. ஃபேனைக் கூரையை ஒட்டி ஏற்றுவதற்காக, அது தொங்கிய குழாயை அப்பாவே ஒர்க் ஷாப்பில் இருந்து ரம்பம் வாங்கிவந்து அறுத்தார். துண்டு டங்கென்று விழுந்தது. நான் பாய்ந்து எடுத்துக்கொண்டேன்.

படங்களில்தான் சண்டை வந்தது. கூரைக்குக் கீழே வரிசையாகச் சாமி படங்கள், போய்ச் சேர்ந்தவர்களின் படங்கள், எல்லாம் முன்னால் சாய்ந்து எங்கள் தலையில் விழப் பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றைக் கண்ணுக்கு நேராக இறக்க வேண்டும் என்றாள் சித்தி. "கும்பிடற படத்தக் கீழ எறக்கறதா? ஆகாது!" என்று அப்பா துள்ளினார். சித்தி அதற்குள் ஸ்டூல்கூட இல்லாமல் கையை நீட்டித் தாத்தா படத்தை எடுத்துவிட்டாள். துடைத்து அம்மா கையில் கொடுத்தாள். அம்மா இத்தனை வருடமாக எக்கிப் பொட்டு வைத்த படம்தான், கிட்டத்தில் வைத்து அன்றைக்குத்தான் பார்க்கிறாள். தாத்தா நாற்காலிக்குப் பக்கத்தில் விறைப்பாக நிற்கிறார். போட்டோக்காரருக்கு அவர் உயரம் அடங்கவில்லை, உச்சந்தலை சட்டத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. "அப்பனாட்டமே இருக்கறயே சாமி நீ" என்று சொல்லிச் சித்தியின் முதுகைத் தடவினாள் அம்மா. அழுதாள். அப்பா ஆணியை எடுத்துக்கொண்டு வந்து, "எந்த எடத்துல அடிக்கறது?" என்றார்.

திருச்செங்கோட்டுக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். நாற்காலி போடக் கூடாது என்று சித்தி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள், தாழ உட்கார்ந்தால்தான் கூரை மேலே தெரியுமாம். எல்லோரும் ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அண்ணாந்து பார்த்தார். "ஏனுங்க, வெளிய நின்னு பாத்தா சின்ன ஊடாட்டம் இருந்துதுங்க. உள்ள வந்தா இத்தன ஒசரமா இருக்குது!" சமையலறைக் கதவுக்குப் பின்னால் நானும் சித்தியும் கையைக் கோத்துக்கொண்டு குதித்தோம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஆமாங்க, காத்தோட்டமா இருக்கட்டும்னுங்க" என்று கூசாமல் புளுகினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லோரும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் யார் உள்ளே நடந்து போனாலும் பனைமரமாகத்தானே தெரிவார்கள்? சித்தியோ எல்லோரையும் உட்கார வைத்துவிட்டு நிற்கப் போகிறாள்! அம்மாவுக்கும் அது புரிந்துவிட்டது. காப்பித் தட்டைக் கொடுத்தவள் பழைய வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. சித்தியும் ஒரு நொடி நின்றாள். பிறகு தோளை விரித்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு போனாள்.

கழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே போயின. சித்தி மாப்பிள்ளைக்கு முன்னால் போய் நின்றாள். குனியவே இல்லை. அவர் கையை நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை. சட்டென்று எழுந்து நின்றார். நின்றும் அவள் காது வரைக்கும்தான் வந்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு, சபையைப் பார்த்து, "இவங்க நிக்கையில நான் உக்காந்துட்டு வாங்கறது நல்லாருக்காதுங்க" என்றார்.

அவர் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "எம் பையன் எந்திரிச்சுட்டானுங்களே! எங்கூட்டுல கூப்புட்டாக்கூட எந்திரிக்க மாட்டானுங்க. இனி நாம என்னத்தப் பேசறது, தேதியப் பாருங்க." அந்த மனிதர்தான் என் சித்தப்பா. இன்றைக்கும் அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

இப்போது நான் சேலத்தில் வீடு கட்டியிருக்கிறேன். ஊரே செய்கிறது என்று நானும் ஹாலில் ஃபால்ஸ் சீலிங் போட்டேன். நல்ல உயரமான கூரைக்குக் கீழே இன்னொரு பொய்க்கூரை, அதில் வரிசையாக விளக்குகள், நடுவில் குலைகுலையாகத் தொங்கும் ஒரு அலங்கார விளக்கு. பார்த்தவர்கள் எல்லாம் பிரமாதம் என்றார்கள். போன மாதம் சித்தி வந்தாள். தலை நரைத்திருக்கிறது, நடை அதே நிமிர்வு. ஹாலுக்குள் நுழைந்தவள் அந்த விளக்கைக் கண்டதும் தன்னை அறியாமல் தலை குனிந்தாள். "நல்லாருக்குது கண்ணு" என்றாள்.

அவள் ஊருக்குப் போன மறுநாளே பொய்க்கூரையைப் பிரிக்க ஆளைக் கூப்பிட்டேன். போடுவதற்கு ஆன நாளில் பாதிகூடப் பிரிப்பதற்கு ஆகவில்லை. வீடு முழுக்க வெள்ளைத் தூசி, எனக்கோ திருவிழா. கூரையும் சுவரும் இப்போது ஒரே சந்தன வெள்ளை. திரைகள் கூரையிலிருந்து தரை வரைக்கும். அலங்கார விளக்கு தொங்கிய இடத்தில் ஒரு ஃபேன்.

இன்று காலையில் வேண்டுமென்றே அவளை வரச்சொன்னேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தி உள்ளே வந்தாள், நடு ஹாலில் நின்றாள், கையை உயரத் தூக்கினாள். எதிலும் படவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு. அப்புறம் மேசையின் மேல் கிடந்த குழாய்த் துண்டைப் பார்த்துவிட்டாள். எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஃபேனை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்கண்ணு, அது இன்னுங் கொஞ்சம் மேல போகுமே. ரம்பம் இருக்குதா?"