சேரும் நாளில் கூட வந்தவர்

அந்த வருஷம் பாலாற்றில் தண்ணீர் வந்திருந்தது. மணலாகவே பார்த்துப் பழகிய ஆற்றில் செம்மண் நிறத்தில் வெள்ளம் போவதைப் பார்க்க, காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டுப் பாலத்தில் சாயங்காலம் கூட்டமாக நிற்பார்கள். நானும் அப்படித்தான் ஒரு நாள் நின்றுகொண்டிருந்தேன். கையிலிருந்த போன் அதிர்ந்தது. மருத்துவக் கலந்தாய்வில் எனக்கு இடம் ஒதுக்கியிருப்பதாகக் குறுஞ்செய்தி. அதைப் படித்துவிட்டு மறுபடியும் தண்ணீரைப் பார்த்தேன். வெகுநேரம் ஓடும் தண்ணீரைப் பார்த்தால் தண்ணீர் நின்றுவிடும், பாலம் நகர ஆரம்பிக்கும். அன்றைக்குப் பாலம் என்னை ஏற்றிக்கொண்டு மெதுவாக எங்கேயோ போனது.

அந்த மிதப்பு பல நாள் இறங்கவில்லை. வீட்டில் யாராவது பேசினால் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோலக் கேட்டது. சாப்பிட்டேனா என்று எனக்கே தெரியாது. அப்பாவும் அம்மாவும் தணிந்த குரலில் பேசிக்கொண்டது மட்டும் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

கிடைத்த இடம் தனியார் கல்லூரியில். அரசு ஒதுக்கீட்டு இடம்தான், என்றாலும் கட்டணம் எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அப்பா ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டினார். அம்மா வீட்டிலிருந்தே பட்டுப்புடவை முந்தானைகளுக்குக் குச்சு கட்டிக் கடைகளுக்குக் கொடுத்தாள். நான் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் உள் ஒதுக்கீடும் கட்டண உதவியும் எங்கள் பள்ளிக்குப் பொருந்தாது. முதல் பட்டதாரிச் சலுகை கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். வங்கியில் எதை ஈடு வைப்பீர்கள் என்று கேட்டார்கள். அப்பா எழுந்து வந்துவிட்டார்.

சான்றிதழ்களை நகல் எடுக்கப் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனபோதுதான் சுவரில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். மருத்துவப் படிப்பில் இந்த வருஷம் சேரும் காஞ்சிபுரத்துப் பெண் ஒருத்திக்குப் படிப்பு முடியும்வரை கல்லூரிக் கட்டணம் முழுவதும் தரப்படும் என்று டைப் அடித்து ஒட்டியிருந்தது. கீழே ஒரு போன் எண். அறக்கட்டளை, சங்கம் என்று எந்தப் பெயரும் இல்லை. கூப்பிட்டேன். எடுத்தவர் ஒரு ஆண். அதிகம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும்படியும், அம்மாவை அழைத்து வரும்படியும் சொல்லி வீட்டுக்கு வழி சொன்னார்.

வீடு பெரிய காஞ்சிபுரத்தில், ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் இருந்தது. மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும் மட்டும் இருந்தார்கள். அந்த அம்மா அப்போது தபால் நிலையத்தில் கவுன்ட்டர் வேலையில் இருந்தார். நெற்றியில் சின்னதாக ஒரு பொட்டு, சாயம் பூசாத நரை. எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். என் மதிப்பெண்களை வாங்கிப் பார்க்கவே இல்லை.

"தனியா உக்காந்து சாப்பிட வருமாம்மா உனக்கு?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. வரும் என்றேன்.

"என் பொண்ணுக்கு வராது. பேசறதுக்கு ஆள் இல்லன்னா தட்டை அப்படியே வெச்சிடும். ஹாஸ்டல்ல இன்னா பண்ணுமோன்னு அதான் எனக்குக் கவலையா இருந்துது."

பிறகு அவர் நடந்ததை அங்கங்கே நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவர்களுக்கு ஒரே பெண். அதற்கு முந்தின வருஷம் அவளுக்கும் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்லூரி திறக்கக் கொஞ்ச நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்தது. டெங்கு. நல்ல மருத்துவர்கள்தான் பார்த்தார்கள், அவள் பிழைக்கவில்லை. அவள் படிப்புக்காக இருவரும் கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துவைத்த பணம் அப்படியே வங்கியில் கிடந்தது. அதை வேறு எதற்கும் எடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. ஒரு பெண்ணை டாக்டராக்கச் சேர்த்த பணம் அதற்கே போகட்டும் என்று தீர்மானித்திருந்தார்கள்.

ஹால் சுவரில் அவள் படம் இருந்தது. மாலை போட்டிருக்கவில்லை. பள்ளிச் சீருடையில், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல இருந்தாள். என் வயதுதான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. எனக்கு வினோதமாக ஒன்று தோன்றியது. அவள் கண்டு முடிக்காமல் விட்ட கனவுக்குள் நான் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்துவிட்டதாகவும், சத்தம் போட்டால் யாரோ விழித்துக்கொள்வார்கள் என்றும் நினைத்தேன்.

கிளம்பும்போது அந்த அம்மா வாசல்வரை வந்தார். பணத்துக்கு நிபந்தனை எதுவும் கிடையாது என்றார். ஒன்றே ஒன்று கேட்கலாமா என்று என் அம்மாவைப் பார்த்துக் கேட்டார். "காலேஜ்ல சேக்கற அன்னிக்கு நானும் கூட வரட்டுமா? ஒரு ஓரமா நின்னு பாத்துட்டு வந்துடறேன்."

அம்மா தலையை மட்டும் அசைத்தாள். சரி என்றா, யோசிக்கிறேன் என்றா, தெரியவில்லை.

 வீட்டுக்கு வந்து, அப்பா டியூட்டி முடிந்து வந்த பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள். அந்தப் பணம் வேண்டாம் என்றாள். அப்பாவுக்கு அதிர்ச்சி. அந்த அம்மா நல்லவர்தான், அதில் சந்தேகமில்லை, ஆனால் அவர் பார்த்த பார்வையில் நம் பெண் தெரியவில்லை, அவர் பெண்தான் தெரிந்தாள் என்றாள் அம்மா. "அந்தப் பொண்ணு நின்ன எடத்துல இவளக் கொண்டும்போயி நிறுத்தணுமா? எனக்கு பயமா இருக்குது" என்றாள்.  அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மாட்டிய சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கட்டணம் கட்டும் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பகலெல்லாம் தூங்கினேன். தூக்கத்தில் ஆற்று மணலில் ஒரு பெண் எனக்கு முன்னால் நடந்து போவாள். நனைந்த தலைமுடி முதுகில் பரவியிருக்கும். அவள் பதித்த அடிகளில் தண்ணீர் ஊறும். நான் பின்னாலேயே போவேன். பயமே இருக்காது. எழுந்தால் மட்டும் வெறுமையாக இருக்கும். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் இன்னும் பயந்திருப்பாள்.

பிறகு ஒரு நாள் குச்சு கட்டிய புடவைகளைக் காந்தி ரோட்டுக் கடையில் கொடுக்கப் போன அம்மா திரும்பி வர வெகுநேரம் ஆனது. வந்தவள் கால் கழுவிக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லு, அந்தப் பணத்தை வாங்கிக்கலாம்" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. அங்கே என்ன நடந்தது என்பதை வெகுகாலம் கழித்து அந்த அம்மாதான் எனக்குச் சொன்னார்.

அம்மா நேராக அவர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். உட்காரச் சொல்லியும் உட்காராமல், தன் பயத்தை மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, அப்படியானால் தான் வரவில்லை என்றும், வராவிட்டாலும் பணம் எனக்குத்தான் என்றும் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். 

"அவ என் பொண்ணு, அக்கா. அது ஒண்ணு மட்டும் நீங்க தெரிஞ்சிக்கினா போதும்" என்றிருக்கிறாள் அம்மா.

"தெரியும்மா. என் பொண்ணு எங்க இருக்குதுன்னும் எனக்குத் தெரியும்."

அதைக் கேட்டதும் அம்மா எழுந்துவிட்டாளாம். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

சேரும் நாளுக்கு அப்பா தெரிந்தவரிடம் கார் கேட்டு வாங்கினார். பெரிய பஸ்ஸை ஓட்டிப் பழகியவர், அந்தச் சின்னக் காரை ரொம்பப் பணிவாக ஓட்டினார். பக்கத்தில் அந்த அம்மாவின் கணவர், கட்டணத்துக்கான டிடியைச் சட்டைப்பையில் வைத்து மேலே கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் எனக்கு ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் அந்த அம்மா. விடிந்தும் விடியாத நேரம். வயல்களின் மேல் பனி ஒரு முழ உயரத்தில் படுத்திருந்தது. பனைமரக் கூட்டம் ஒன்று அடிமரம் இல்லாமல் மிதந்து போனது. நான் தூங்கிப்போனேன். கண் திறந்தபோது என் தலை அந்த அம்மாவின் தோளில் இருந்தது. அவர் அசையாமல் நேராக உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, துடைத்தால் நான் எழுந்துவிடுவேன் என்று துடைக்காமல் இருந்தார். என் அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நகரப்போனபோது என் முழங்காலை லேசாக அழுத்தினாள். இரு என்று அர்த்தம். நான் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன்.

கல்லூரியில் அவர் ஒரு ஓரமாக நிற்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்தார். வகுப்பறை ஜன்னல்கள் எந்தப் பக்கம் திறக்கின்றன, நூலகத்தில் விளக்கு போதுமா, விடுதிக் குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது என்று ஒவ்வொன்றாக. யாரிடமோ விவரம் சொல்லப் போகிறவர்போலப் பார்த்தார். உடற்கூறியல் கூடத்தின் வாசல் படியில் மட்டும் நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை. மகளின் பெயரை ஒரே ஒரு தடவை, கூப்பிடுவதுபோல அல்லாமல், இதோ பார் என்பதுபோலச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது.

விடுதி அறையில் தன் பையிலிருந்து ஒரு கொசுவலையை எடுத்தார். கூடவே ஆணி, சுத்தியல், சணல் கயிறு. கட்டிலின்மேல் ஏறி நின்று கட்ட ஆரம்பித்தார். முடிச்சு நிற்கவில்லை. அம்மா மறுபக்கம் ஏறி இன்னொரு முனையைப் பிடித்தாள். நாளெல்லாம் பட்டு நூலில் முடிச்சு போடும் கை, இறுக்கிக் கட்டிவிட்டு அந்த முனைக்கும் வந்தது. வெள்ளை வலை கட்டிலின்மேல் மெல்ல இறங்கியது. வலைக்கு அப்பால் இருவரும் மங்கலாக, ஒருவர்போலவே தெரிந்தார்கள். அப்போது வார்டன் உள்ளே வந்து, அம்மா ஒருத்தருக்குத்தானே அனுமதி, இவங்க யாரு என்று கேட்டார்.

"எங்க வீட்டு மனுஷங்க" என்றாள் அம்மா.



இது நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. நான் இப்போது பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். எனக்குப் பிறகும் பெண்கள் வந்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பணத்தோடு தபால் நிலையத்துக்காரர்கள் சிலர் சேர்ந்துகொண்டார்கள், என் உதவித்தொகையிலிருந்து நானும் கொஞ்சம் கொடுக்கிறேன். ஒவ்வொரு பெண் சேரும்போதும் அந்த அம்மா கூடப் போகிறார். இப்போதெல்லாம் என் அம்மாவும் போகிறாள். இருவரும் வெள்ளிக்கிழமைகளில் காமாட்சி அம்மன் கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதாக அப்பா சொல்வார். படத்திலிருந்த அந்தப் பெண்ணைப் பற்றி அம்மா பேசும்போது பார்த்துப் பழகியவள்போலவே பேசுகிறாள்.

எனக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது. அவள் இருந்திருந்தால் எனக்கு ஒரு வருஷம் சீனியர். டியூட்டி முடிந்து விடிகாலையில் காரிடாரில் வரும்போது, வேறு ஏதோ ஒரு ஊரில், வேறு ஒரு வார்டில், அவளும் கோட்டின் கையை மடித்துவிட்டபடி வெளியே வருகிறாள் என்று தோன்றும். அதை நான் தடுப்பதில்லை.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் வார்டில் ஒரு பெண் இருந்தாள். பிளஸ் டூ படிப்பவள். டெங்கு. இரண்டு நாள் எங்கள் எல்லோரையும் கலங்கவைத்துவிட்டாள். பிறகு தட்டணுக்கள் ஏற ஆரம்பித்தன. வீட்டுக்கு அனுப்பிய காலையில், அவள் தன் அப்பாவின் கையைத் தட்டிவிட்டுத் தானே நடந்து ஆட்டோவில் ஏறினாள். நான் வராந்தாவுக்கு வந்து அந்த அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.



"எந்த ஊரும்மா அந்தப் பொண்ணு?"

செய்யாறு பக்கம் என்றேன்.

"நல்லா இருக்கட்டும்" என்றார். அங்கே தூறல் போட ஆரம்பித்துவிட்டது, மாடியில் துணி காய்கிறது, எடுக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.