வெர்னா எழுதிக் கொடுத்த நாய்

பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னாவுக்குக் கணவன் போனபின் இருந்த ஒரே துணை ரூஃபஸ். அமெரிக்காவின் டொலீடோ நகரில், எனக்கு அடுத்த வீடு. தன் பல்வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். அந்த நாயின் காப்பீட்டுத் தவணையை மட்டும் ஒருமுறையும் தள்ளிப்போட்டதில்லை.

அணிலைத் துரத்தப்போய் உறைபனியில் வழுக்கி, ரூஃபஸின் பின்னங்கால் முட்டியில் தசைநார் அறுந்தது. அறுவைச் சிகிச்சைக்கு ஆறாயிரம் டாலர்.

காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்தார்கள். காப்பீடு எடுப்பதற்கு முன்னால், தடுப்பூசி போடப் போனபோது, “மாடி ஏறினா லேசா நொண்டுறான் டாக்டர், என்னை மாதிரியே!” என்று சிரித்திருக்கிறாள். மருத்துவர் அதையும் குறித்துவைத்திருந்தார். ஆகவே இது காப்பீட்டுக்கு முந்தைய நோயாம், பணம் தரமாட்டார்களாம்.

“ஏம்மா, அது இடது கால். இப்போ போனது வலது!” என்று தொலைபேசியில் கத்தினாள்.

“ஒரு பக்கம் வந்தா ரெண்டு பக்கமும் சேர்த்திதான் மேடம்.”

“பணம் மட்டும் நாலு காலுக்கும் வாங்கினீங்களே!”

பதிலுக்கு, காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

அவளோடு நானும் கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். ரூஃபஸைப் பார்க்கும் டாக்டர் ஹாலிஸ், தன்னுடையதாக இருந்த அதை ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, அங்கேயே சம்பளத்துக்கு இருக்கிறார்.

“தவணையா கட்டுறேன் டாக்டர். என்னைத் தெரியாதா உங்களுக்கு?”

“விலையும் என் கையில இல்ல, தவணையும் இல்ல, வெர்னா.” குரலைத் தாழ்த்தினார். “நாய்க் காப்பகத்துக்கு எழுதிக் கொடுத்துட்டா, நன்கொடைப் பணத்துல அவங்களே செஞ்சுடுவாங்க. ஆனா அப்புறம் அவன் உன் நாய் இல்ல. திரும்பக் கேக்க முடியாது.”

“வச்சிருந்தா நொண்டுவான், விட்டுட்டா நடப்பான். அதானே?”

அவர் காப்பகத்தின் முகவரியை எழுதி நீட்டினார்.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். “வேணாம்டி! இன்னும் வசூல் பண்ணலாம்.”

“பண்ணியாச்சே லோயிஸ். தேவாலயத்துல நீ கேக் வித்து நானூறு வந்துச்சு. இன்னும் எத்தனை கேக் சுடுவே? அவன் ராத்திரியெல்லாம் முனகுறான்டி.”

காப்பகத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை வைத்தபின்தான் அழுதாள்.

அங்கிருந்த பெண் ரூஃபஸின் கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

“இடி இடிச்சா பயப்படுவான்மா. யாராவது பக்கத்துல உக்காந்தா போதும்” என்றாள் வெர்னா.

“சொல்லிடுறேன். யாரு தத்தெடுத்துக் கூட்டிட்டுப் போறாங்களோ, அவங்ககிட்ட.”

ரூஃபஸ் மூன்று காலில் நின்று, வரமாட்டேன் என்று இழுத்தது. “போடா ராஜா” என்று அதட்டிவிட்டு வெர்னா வாசலை நோக்கி நடந்தாள். பின்னால் அது குரைக்கக் குரைக்க அவள் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் விட்டுவிட்டு வந்திருக்கமாட்டாள்.