வழியைத் துடைத்தவர்கள்

கால்டர் ஊருக்குத் தெற்கே எவன் வண்டி மணலில் புதைந்தாலும், அவன் சிக்னல் கிடைக்கும் மேடு தேடி ஏறி, கடைசியில் லாரூ ஹேட்சைத்தான் கூப்பிட வேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் அந்தக் கோடியில் இழுவை வண்டி வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். போய்ச் சேர்ந்ததும் உடனே இறங்க மாட்டாள். கண்ணாடியை இறக்கி முதலில் விசாரணை நடக்கும்.

“யாரு உனக்கு இந்த வழியச் சொன்னது?”

“போன் காட்டுச்சுங்க.”

“அப்படியா. அப்ப அந்தப் போனையே வந்து இழுக்கச் சொல்லேன்.”

இப்படி ஒரு குத்து குத்திவிட்டுத்தான் தண்ணீர் கொடுப்பாள். டயரில் காற்றைக் குறைப்பாள், கொக்கி மாட்டுவாள், இழுத்துவிடுவாள். அவள் கணவன் டெல்மர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பான்.

வழி கண்டுபிடிப்பது அவர்கள் இருவருக்கும் ரத்தத்தில் ஊறிய விஷயம். அந்தப் பாலையில் யுரேனியம் தேடி வந்தவர்கள் புல்டோசரால் கண்டபடி கீறிவிட்டுப் போன தடங்கள் ஏராளம். எல்லாம் மூடிப் போனவை. கல்யாணமான புதிதில் இருவரும் ஒரு பழைய பிக்கப் வண்டியில் அவற்றைத் தேடித் திரிந்தார்கள். செடிகள் ஒரே வரிசையில் கொஞ்சம் கூடுதல் பச்சையாக நின்றால், அடியில் பழைய சக்கரக் குழி இருக்கிறது, மழைநீர் அங்கே தேங்குகிறது என்று பொருள். மரத்தின் ஒரு பக்கக் கீழ்க்கிளைகள் மட்டும் ஒடிந்திருந்தால் லாரி உரசியிருக்கிறது. துருப்பிடித்த பீன்ஸ் டப்பா கிடந்தால் அங்கே எவனோ வண்டியை நிறுத்திச் சாப்பிட்டிருக்கிறான். அப்படி மோப்பம் பிடித்துப் போய்த்தான் அந்தப் பள்ளத்தாக்கின் விளிம்பை அடைந்தார்கள். செங்குத்தான சிவப்புச் சுவர்கள், அடியில் வருடம் முழுதும் கசியும் ஒரு சுனை, நாலைந்து காட்டன்வுட் மரங்கள். வரைபடத்தில் அதற்குப் பெயர் இல்லை. அவர்கள் ‘பின்கட்டு’ என்று வைத்துக்கொண்டார்கள்.

அதை யாருக்கும் சொல்லக் கூடாது என்று அன்றே முடிவு செய்தார்கள். சொன்னால் என்ன ஆகும் என்று பக்கத்துப் பள்ளத்தாக்கைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். ஒருவன் வழியை இணையத்தில் போட்டான், அடுத்த கோடையிலேயே அது சந்தைக்கடை ஆகிவிட்டது. ஆகவே, பெரிய மண் சாலையிலிருந்து பிரியும் இடத்தில் ஒரு பாறைக்குப் பின்னால், வெட்டிய ஜூனிபர் மரம் ஒன்றை ஒளித்து வைத்தார்கள். உள்ளே நுழைந்ததும் அதைச் சங்கிலியால் வண்டியின் பின்னால் கட்டி, முதல் வளைவு வரை இழுத்துப் போய் அவிழ்ப்பார்கள், திரும்பும்போது மறுபடி இழுத்து வந்து ஒளித்து வைப்பார்கள். அது சக்கரத் தடத்தைத் தலை சீவுவதுபோலச் சீவித் துடைத்துவிடும். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். மரம் தேய்ந்தால் வேறொன்று வெட்டுவார்கள். அதற்கு ‘வால்’ என்று பெயர். போய்ச் சேர்ந்ததும் வண்டியைக் குடைபோல நீட்டிய பாறைக்கு அடியில் நிறுத்தி, மேலே புதரை வெட்டிப் போடுவான் டெல்மர்.

“யோவ், மேல யாரு பாக்கப் போறா? கழுகா?”

“கழுகுக்கும் வாய் இருக்குடி.”

ஒரு வருடம் நில அலுவலகத்தார் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நீங்கள் புழங்கும் வழிகளை எல்லாம் வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள், பதிவில் ஏற்றுகிறோம் என்றார்கள். ஊரே வரிசையில் நின்று கோடு கிழித்தது. லாரூவும் டெல்மரும் கடைசி வரிசையில் பிஸ்கட் தின்றுகொண்டு வாயே திறக்கவில்லை. வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

பிறகு டெல்மருக்கு மறதி வந்தது. முதலில் பெயர்கள் போயின. பிறகு குளியலறை எந்தப் பக்கம் என்பது போயிற்று. லாரூ வண்டிச் சாவிகளை எல்லாம் மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள். பழைய பிக்கப் சாவியே இல்லாமல் ஒரு திருப்புளியைச் செருகினால் கிளம்பும், அப்படிச் செய்து வைத்ததே டெல்மர்தான் என்பது அவளுக்கு அந்தச் சமயத்தில் நினைவில் வரவில்லை. மறதி அவனுக்கு மட்டும் என்று நினைத்திருந்தாள்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, வாடகை ஜீப் ஒன்றை இழுக்கப் போய்விட்டுத் திரும்பினாள். கொட்டகை காலியாக இருந்தது. மேசையில் அவள் எடுத்து வைத்துப் போன ரொட்டி கடிபடாமல் இருந்தது. தண்ணீர்க் கேன்கள் எல்லாம் அவளுடைய இழுவை வண்டியில்தான் இருந்தன.

அவளுடைய அண்ணன் மகன் கெந்தல், ஷெரிப் அலுவலகத்தில் போலீசாக இருப்பவன், தார்ச்சாலைகளுக்கு ஆள் அனுப்பினான். லாரூ நேரே பிரிவுப் பாறைக்குப் போனாள். பாறைக்குப் பின்னால் மரம் இல்லை. எதிரே மணல் அப்போதுதான் பெருக்கிய முற்றம்போலக் கிடந்தது.

கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. வந்திருக்கிறான். வாலும் கட்டியிருக்கிறான். முதல் வளைவில் அவிழ்த்திருப்பான், அங்கிருந்து தடம் தெரியும் என்று ஓட்டினாள். முதல் வளைவில் மரம் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. அவிழ்க்க மறந்து, கட்டியபடியே போயிருக்கிறான். மத்தியானக் காற்று அதற்குள் கிளம்பிவிட்டது. சக்கரம் அழுத்திய தடம் இரண்டு நாள் காற்றைத் தாங்கும். சீவிவிட்ட மணல் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

அதோடு பழைய வழியும் இப்போது இல்லை. இரண்டு வருடத்துக்கு முந்தைய வெள்ளம் நடுவில் உள்ள ஓடையை ஆள் உயரத்துக்கு அறுத்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. ஓடைக் கரையில் நின்று பார்த்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடம் ஒன்றும் இல்லை. பின்கட்டு அங்கிருந்து நடந்து போகும் தூரமும் இல்லை. சிக்னல் கிடைக்கும் மேடு ஏறிக் கெந்தலைக் கூப்பிட்டாள்.

“அத்தை, நீங்க சொல்ற எடத்துக்கு மேப்புல ரோடே இல்லையே.”

“இல்லடா. நாங்க குடுக்கல.”

“எந்தப் பக்கம்னாவது சொல்லுங்க.”

“அதான் தெரியல. நான் இதுவரைக்கும் போன வழி அறுந்து கெடக்கு. அவன் எப்படித் தாண்டினான்னு தெரியல.”

மறுநாள் அவள் வாழ்நாளில் செய்யாததைச் செய்தாள். பிரிவிலிருந்து ஓடை வரை புதருக்குப் புதர் ஆரஞ்சு நாடா கட்டினாள். ஊரில் இருந்த அத்தனை வண்டிகளும் வந்தன. அவள் எத்தனையோ முறை ஏளனம் செய்து இழுத்துவிட்ட வெளியூர்க்காரர்கள் சிலரும் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஓடையின் தலைப்பக்கம் சுற்றிப் பார்த்தார்கள், பாறை முட்டியது. கீழ்ப்பக்கம் போனார்கள், புதைமணல். மூன்றாவதாக ஒரு புல்டோசர் தடம் நன்றாகத்தான் ஏறியது, ஏறி ஒரு வெறும் விளிம்பில் நின்றுவிட்டது. காற்று அடங்கிய சிறிது நேரத்தில் ஹெலிகாப்டர் வந்து பின்கட்டின் மேல் இரண்டு முறை சுற்றியது. வண்டி எதுவும் இல்லை என்றார்கள்.

“பாறைக்கு அடியில விட்டிருப்பான்,” என்றாள் லாரூ. “மேல புதரும் போட்டிருப்பான்.”

“எதுக்கு அத்தை?”

மறுபடி கிளம்பிய காற்றில் ஹெலிகாப்டர் அதற்குள் திரும்பிப் போயிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குத் தண்ணீர் நிரப்ப வந்தபோது, தேவாலயச் சபைப் பெண்கள் சார்பில் பக்கத்து வீட்டு வோண்டா மூடிய தட்டு ஒன்றுடன் வாசலில் நின்றிருந்தாள். மூடியைத் திறக்காமலே வாசனையில் தெரிந்தது. உருளைக்கிழங்கும் சீஸும், மேலே பொரித்த சோளச் செதில். அந்த ஊரில் சாவு வீட்டுக்குக் கொண்டுபோகும் பண்டம்.

“அவசரம்டி உனக்கு,” என்றாள் லாரூ.

“ஐயோ லாரூ, நான் அப்படி நெனச்சு...”

“எடுத்துட்டுப் போ. இன்னும் அவன் சாகல.”

கதவைச் சாத்திவிட்டுக் கேனை நிரப்பினாள். தண்ணீர் வழிந்து தரையெல்லாம் ஓடும் வரை குழாயை மூடத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை, ஓடைக்கு இப்பால் இருந்த வழுக்குப்பாறை மேட்டில் தனியாக நடந்தாள். எந்த வண்டியும் ஏறாது என்று எல்லோரும் ஒதுக்கிய மேடு. இவ்வளவு நேரமும் சக்கரத்தைத் தேடியது தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. வாலைத் தேட வேண்டும். குனிந்தாள். பாறை வெடிப்பு ஒன்றில் ஜூனிபர் பட்டையின் நார் கொஞ்சம் மாட்டிக்கொண்டு ஆடியது. பத்தடி மேலே இன்னொரு வெடிப்பில் ஒரு சிறு கிளை. அதற்கும் மேலே, சாய்வாகக் கறுப்பு ரப்பர்க் கறை. மேட்டின் முதுகு வழியாக ஏறி, ஓடையைச் சுற்றி, மறுபக்கம் இறங்கியிருக்கிறான். நாற்பது வருடம் தேடிய இருவருக்கும் தட்டுப்படாத வழி. சொந்த வீட்டுக் குளியலறை தெரியாதவன் அதைக் கண்டுபிடித்திருக்கிறான்.

“டெல்மர்!” என்று கத்தினாள். அந்த ஒரு நொடி அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கெந்தலைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இழுவை வண்டியை அதே கறை மேல் ஏற்றினாள். பின்கட்டின் விளிம்பில், குடைப்பாறைக்கு அடியில், புதர் போர்த்திக்கொண்டு பிக்கப் நின்றது. இருக்கையில் காலி ரூட் பியர் குளிர்பான டப்பா ஒன்று. சுனைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையின் பாதியில், நிழலில், சுவரில் சாய்ந்து டெல்மர் உட்கார்ந்திருந்தான். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் ஒழுங்காக வைத்திருந்தான். கீழே தண்ணீர் கசியும் சத்தம் அந்த இடத்திலேயே கேட்டது.

கெந்தல் முதலில் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

“நேத்துதான் போயிருக்கணும் அத்தை. ராத்திரியா இருக்கலாம்.”

“நேத்து ஹெலிகாப்டர் வந்துச்சே.”

“ஆமா.”

“சத்தம் கேட்டிருக்கும் அவனுக்கு.”

“கேட்டிருக்கும்.”

“நல்லா மறைச்சிருக்கோம்னு நெனச்சிருப்பான்,” என்றாள் லாரூ.

உடலை ஹெலிகாப்டரில் எடுத்துப் போனார்கள். பிக்கப்பை அப்புறம் பார்க்கலாம் என்றான் கெந்தல். அவள் கேட்கவில்லை. தானே கொக்கி மாட்டினாள். பின்னால் ஜூனிபர் தேய்ந்து தேய்ந்து, கிளையெல்லாம் போய், முழங்கை நீளத்துக்கு ஒரு கட்டையாகத் தொங்கியது. அவிழ்க்கப் பார்த்தாள். சங்கிலியை அவன் அத்தனை நன்றாகக் கட்டியிருந்தான்.

அப்படியே இழுத்து வந்தாள். ஓடைக்கு இப்பால் மணலில் நூறு வண்டிகளின் தடம், புதருக்குப் புதர் ஆரஞ்சு நாடா. வெளியூர்க்காரன் ஒருவன் ஓரமாக நின்று, கைபேசியில் வழியைப் பதிந்துகொண்டிருந்தான். லாரூ கண்ணாடியை இறக்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. பிரிவுப் பாறையைத் தாண்டும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். கட்டை எதையும் துடைக்கவில்லை. மணலில் ஒற்றைக் கோடு ஒன்றைக் கீறிக்கொண்டே வந்தது.